பின்வாசல் வழியாகப் போனவர்கள்

டாக்டர் ஒச்சம்மாள் இறந்த செய்தி எனக்கு ஒரு கேலிப் பேச்சாகத்தான் வந்து சேர்ந்தது. கப்பலூருக்குப் போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் தவமணி உட்கார்ந்திருந்தான். நான் சூப்பர்வைசராக இருக்கும் நட்டு போல்ட்டுத் தொழிற்சாலையில் அவன் லேத்து ஓட்டுகிறவன், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, நல்ல மனசுக்காரன். பசுமலையைத் தாண்டும்போது கையில் வைத்திருந்த பேப்பரால் என் விலாவில் இடித்தான்.

“அண்ணே, இதப் பாத்தீங்களா? ஒச்சம்மாள்னு ஒரு மனோதத்துவ டாக்டராம். கோச்சடையில இருந்திருக்கு. நம்ம ஊருப் பேரா இருக்கேன்னு பாத்தேன். செத்துப்போச்சாம்ணே. அந்தம்மாகிட்ட வந்துக்கிட்டிருந்த பைத்தியமெல்லாம் இனி எங்கிட்டுப் போகும்?”

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். நெற்றியில் திருநீறு, மூக்கின் மேல் இறங்கிக் கிடக்கும் கண்ணாடி. மாரடைப்பு என்று போட்டிருந்தது. “பாவம்” என்றேன். “யாரு, டாக்டரா பைத்தியமா?” என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அந்தப் பைத்தியங்களில் ஒன்று உன் தோளை இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது தம்பி என்று சொல்ல முடியுமா? அன்றைக்கு முழுவதும் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, அழ வேண்டுமா, லீவு போட வேண்டுமா, யாரிடமாவது சொல்ல வேண்டுமா என்று ஒன்றும் விளங்காமல் இருந்தேன். சொல்வதென்றால் யாரிடம் சொல்வது என்பதும் விளங்கவில்லை.

ஒருவர் போய்விட்டால் அவரைத் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்வார்கள். டாக்டரம்மா விஷயத்தில் அதற்கும் வழியில்லை. அவரை நன்றாகத் தெரிந்த நமக்கு ஒருவரையொருவர் தெரியாது. தெரியவே கூடாது என்று அவரே ஏற்பாடு செய்திருந்தார். ஆகவே யாரென்றே தெரியாத உங்களுக்கு இதை எழுதுகிறேன். கோச்சடை வீட்டில் அந்தப் பிரம்பு நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்திருந்தால் சொல்லாமலே புரியும். உட்காராதவர்களும் படிக்கலாம், குற்றமில்லை. அடியில் என் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதில் இந்த நிமிஷம் வரை எனக்குக் குழப்பம்தான்.

உட்காராதவர்களுக்காக வீட்டைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒரு சின்னப் பலகை. அவர் பெயர், அதற்குக் கீழே மனோதத்துவ ஆலோசகர் என்று ஒரு வரி. முன்வாசல் வழியாக உள்ளே போய் அறையில் உட்கார வேண்டும். நேரம் முடிந்ததும் வந்த வழியே திரும்பக் கூடாது. சமையலறையைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, தகரக் கதவைத் திறந்துகொண்டு, தென்னந்தோப்பு ஓரமாக ஆற்றுப் பக்கம் போகும் பாதையில் இறங்கிவிட வேண்டும். “வாரவுக போறவுகளைப் பாக்கப்படாது. போறவுக வாரவுகளைப் பாக்கப்படாது. அம்புட்டுத்தான் இந்த வீட்டுச் சட்டம்” என்பார். அந்த வீட்டுக்குள் போகிற ஆள் ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லையே என்று எதிர்வீட்டுக்காரர் ரொம்ப நாள் கவலைப்பட்டதாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நான் போனது எமர்ஜென்சி முடிந்த சமயம். எனக்குத் தொண்டையில் கோளாறு. தொழிற்சாலையில் அத்தனை இயந்திரங்களையும் மீறிக் கத்துகிறவன், வீட்டுக்குப் போனால் பேச்சு வராது. முதலில் என் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தால் மட்டும் அடைத்தது. பிறகு எங்கள் தெரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அடைக்க ஆரம்பித்தது. காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் ஒருவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். மருந்து கொடுத்தார். மறுபடி பார்த்தார். கடைசியில் சலித்துப்போய், தொண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி கோச்சடை முகவரியைத் தந்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் பெரியப்பா கொடுத்த ஜாதகத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு பிரம்பு நாற்காலிகள், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தன. ஒரு மேஜை, அவர் பக்கம் முகம் வைத்த டைம்பீஸ். ஊசி, மருந்து வாடை எதுவும் இல்லை.

“நாக்கை நீட்டட்டுங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நான் ஊசி போடுற டாக்டரு இல்லீங்க, படிச்சு வாங்கின டாக்டரு. மாத்திரையும் கெடையாது.”

“அப்ப என்னதான் தருவீங்க?”

“இந்த நாற்காலி. நீங்க பேசுங்க. பேச வரலைன்னா சும்மா இருங்க. நான் இங்கனதான் இருப்பேன்.”

சும்மா உட்கார வைக்க ஒரு டாக்டரா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இதற்கு நான் வைகைக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டுப் போவேனே என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். “உக்காரலாம். தெரிஞ்சவுக நாலு பேரு வந்து தொண்டை எப்படி இருக்குன்னு கேப்பாக. நல்லா இருக்குன்னு சொல்லணும்” என்றார். அது நிஜம்தான். ஜாதகத்தை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தேன்.

முதல் நாளே இன்னொன்றும் சொல்லியிருந்தார். “ரோட்டுல பாத்தா நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிற மாட்டேன். நீங்களா வந்து பேசினா பேசுவேன். கோவிச்சுக்கப்படாது.” பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவர் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் தெரிந்தவரைக் கண்டால், வாங்க, எப்ப வந்தீங்க என்று கேட்காமல் இருப்பது பகைக்கு அடையாளம். அவர் கண் என் மேல் பட்டது. பட்டு, சுவரைத் தாண்டுவதுபோல என்னைத் தாண்டிப் போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் சண்டை போடுவதற்கென்றே போனேன்.

“பாத்தும் பாக்காத மாதிரி இருந்தீங்களே, டாக்டரம்மா?”

“சொல்லித்தானே வச்சேன்.”

“சொல்லிட்டா? மனுஷனுக்கு வலிக்காதா?”

“வலிக்கும்” என்றார். “உங்க வீட்டுல யாரையாவது அப்படிப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருக்காகளா?”

எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு முதலில் ஒரு பையன் இருந்தான், ஏழு மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான் என்று சொன்னேன். தினசரியில் வரும் விபத்துச் செய்தியைப் படிப்பதுபோலச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

வராத கதையை இப்போது நான் ஒழுங்காகச் சொல்கிறேன். அப்போது எனக்கு அது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டில் எங்கள் பாஷைதான். முதல் பையனுக்கு இறந்துபோன என் அப்பாவின் பெயரான ஜெகந்நாதனை வைத்தோம். அவன் போனபோது துட்டி கேட்க யாரும் வரவில்லை. பால் குடிக்கும் குழந்தைக்கு யார் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள்? இரண்டு வருஷம் கழித்து அடுத்த பையன் பிறந்தான். பெரியப்பா அவனைத் தூக்கி, காதை மடக்கிப் பின்னால் பார்த்தார். முதல் பையனுக்கு இருந்த இடத்திலேயே ஒரு மச்சம். “போனவனே திரும்பி வந்திருக்கான்” என்று அறிவித்துவிட்டார். வீடே உயிர் பெற்றது. என் மனைவி சகுந்தலா அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். அதே பெயரை வைத்தார்கள். அதன் பிறகு முதல் பையனைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன்தான் வந்துவிட்டானே, இனி என்ன அழுகை? நானும் ஆமாம் என்றேன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

டாக்டரம்மா அன்றைக்கு என்னை அவசரப்படுத்தவில்லை. “வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?” என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தப் பிள்ளைகிட்டயும் அதானே பேசியிருப்பீங்க?”

“ஆமா.”

“அப்ப அதுலயே சொல்லுங்க.”

“உங்களுக்குப் புரியுமா?”

கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். “எனக்குப் புரியணும்னா நீங்க பேசப் போறீங்க?” என்றார்.

இந்தப் பதிலைத்தான் நான் இப்போது ராப்பகலாக மென்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதைப் புரியாது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் எவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மதுரையில் எத்தனை தலைமுறை இருந்தாலும் எங்கள் பாஷை எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது எங்கள் அசைக்க முடியாத நம்பிக்கை. பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், பத்துப் பேர் நடுவில் கூச்சமில்லாமல் குடும்ப ரகசியம் பேசுவோம். அதிலும் இவர் உசிலம்பட்டிக்காரர், பெயர் ஒச்சம்மாள். இவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பேசினேன். அடைப்பெடுத்த குழாய் மாதிரி வந்தது. இவன் அவன் இல்லை என்றேன். மச்சம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனால் அவன் இல்லை. அவன் சத்தமே வராமல் சிரிப்பான். இவன் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சிரிக்கிறான். அவன் விளக்குப் பக்கம் திரும்பிப் படுப்பான். இவன் கால் நீட்டுகிற பக்கமெல்லாம் படுக்கிறான். இவனை எனக்குப் பிடிக்கும், ரொம்பவும் பிடிக்கும், அவன் பெயரைச் சொல்லி இவனைக் கூப்பிட்டால் அவனை நானே துடைத்துப் போட்டதுபோல இருக்கிறது. இதை வீட்டில் வாய்விட்டால் சகுந்தலாவுக்கு இன்னொரு தடவை பிள்ளை சாகும். இதையெல்லாம் சொல்லி, முதல் பையனை நான் என்னவெல்லாம் சொல்லிக் கொஞ்சினேனோ அதையெல்லாமும் சொல்லி, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சுவரிடம் பேசுகிற தைரியம் அது. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “போயிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் போய் உட்கார்ந்ததும் சாதாரணமாகக் கேட்டார். “சின்னவன் எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்கான்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். நேரம் முடிந்து தகரக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. சின்னவனா? எங்கள் வீட்டில் சின்னவன் என்று ஒருவன் கிடையாது. எல்லாருக்கும் அங்கே ஒரே பிள்ளைதான், போய்விட்டு வந்த பிள்ளை. இவன் சின்னவன் என்றால் பெரியவன் ஒருவன் இருந்தாக வேண்டும். தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தோப்புக்காரர் வந்து, “என்னண்ணே, மேலுக்கு முடியலையா?” என்று கேட்டார். “இல்லை, நல்லாத்தான் இருக்கு” என்றேன். குரல் தெளிவாக வந்தது.

அன்று வீட்டு வாசலில் நின்று “சின்னவனே!” என்று கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பையனுக்கு அப்போது இரண்டு வயதுதான், யாரைக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல் விழித்தான். சகுந்தலா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “எதற்குச் சின்னவன் என்கிறீர்கள்? இவன் ஒருத்தன்தானே?” என்றாள். நாலைந்து நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பயந்துகொண்டேதான் இருந்தேன், ஆனால் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், “ஒரே பையனா?” என்று கேட்டாள். “இவன் சின்னவன்” என்றாள் சகுந்தலா. “பெரியவன்?” “இல்லை.” அதைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவள் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் போனதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “அவசரப்பட்டு நல்லாயிராதீங்க” என்றார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவராகவே, “இனிமே வர வேணாம்னு நெனைக்கேன். நீங்க என்ன சொல்றீக?” என்று கேட்டார். எனக்கு வேலையைவிட்டு நீக்கியதுபோல இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் சட்டப்படி பின்வாசல் வழியாகவே போனேன். ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. இடையில் டவுன் பஸ்ஸில் ஒரு தடவை பார்த்தேன். அவர் காட்டிக்கொள்ளவில்லை. நானும் வீம்புக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

செய்தி வந்த அன்று வீட்டுக்கு வந்ததும் சகுந்தலாவிடம், நாளைக்கு ஒரு துட்டிக்குப் போக வேண்டும் என்றேன். யார் என்றாள். தொண்டை டாக்டர் என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “அந்த அம்மாவா?” என்றாள். அந்த அம்மா யார், எனக்கு என்ன செய்தார் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை. மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கோச்சடைக்குப் போனேன். வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவின் தம்பி, வேட்டியும் தோளில் துண்டுமாக எழுந்து வந்தார். துட்டி கேட்கும் வழக்கப்படி நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் தொட்டு வாங்கிக்கொண்டார்.

“எங்கிட்டு இருந்து வாரீக?”

“கப்பலூர்ல வேலை.”

“அக்காவை எப்படிப் பழக்கம்?”

என்ன சொல்வது? நோயாளி என்று சொன்னால் டாக்டரம்மாவின் சட்டத்தை மீறியதாகும். சொல்லாவிட்டால் நான் இங்கே யார்? “தெரியும்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார். “அக்காவுக்கு இம்புட்டு ஆளு பழக்கம்னு எங்களுக்கே தெரியாது சார். நேத்துல இருந்து வந்துக்கிட்டே இருக்காக. கேட்டா எல்லாரும் தெரியும்னுதான் சொல்றாக. எப்படித் தெரியும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாக.”

உள்ளே படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்த அறைதான், நாற்காலிகளைக் காணோம். படத்துக்கு முன்னால் டாக்டரம்மா வயதில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் அழுதது எங்கள் பாஷையில். நாம் பேசிய பேச்சையெல்லாம் நீ மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாயே, இனி நான் யாரோடு பேசுவேன் என்று படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம் அவர் யார் என்று கேட்டேன்.

“லீலாபாய்ங்க. ஒச்சம்மா டவுன்ல படிக்கையில அவுக வீட்டுலதான் தங்கியிருந்துச்சு. சின்னப் பிள்ளையில இருந்து காலேசு முடிக்கிற வரைக்கும். அப்பெல்லாம் ரெண்டும் அந்தப் பாஷையிலதான் பேசிக்கிரும். எங்களைப் பத்தி என்ன பேசுதுகன்னே தெரியாது.”

எனக்கு முதலில் வந்தது கோபம். சாவு வீட்டில் நின்றுகொண்டு செத்தவர் மேல் கோபப்பட்டேன். சுவர் என்று நினைத்துத்தானே பேசினேன்? ஒரு வார்த்தை, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கக் கூடாதா? உடனே, சொல்லியிருந்தால் நீ பேசியிருப்பாயா என்று அவருடைய குரலிலேயே ஒரு கேள்வி வந்தது. பேசியிருக்க மாட்டேன். அப்படியானால் சின்னவன் என்ற சொல் அவர் வாயில் தற்செயலாக வந்ததில்லை. நான் கொஞ்சியதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டுப் புரிந்துகொண்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இதற்கு நன்றி சொல்வதா, ஏமாந்தேன் என்று சொல்வதா? அறைக்குள் நிற்க முடியவில்லை. துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமில்லை. அப்படியே நடந்தேன்.

கால் பழகிய வழியில் போயிருக்கிறது. சமையலறையைத் தாண்டிக் கிணற்றடிக்கு வந்தபோதுதான் பார்த்தேன், அங்கே ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். பருத்த மனிதர் ஒருவர் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு டீச்சரம்மாள்போலத் தெரிந்தவர். தகரக் கதவில் கை வைத்தபடி ஓர் இளைஞர். உறவுக்காரர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. முன்வாசலில் வந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிற பழக்கம் யாருக்கு இருக்கும்? எங்களுக்கு அது ஒரே நேரத்தில் புரிந்தது. புரிந்ததும் நாங்கள் எல்லாரும், சொல்லி வைத்தாற்போல, வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அப்போது லீலாபாய் முகம் கழுவுவதற்காக அங்கே வந்தார். நான் அடக்க முடியாமல் எங்கள் பாஷையில் கேட்டுவிட்டேன். “அக்கா, அவங்களுக்கு நம் பாஷை கடைசிவரை தெரியுமா?”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “சின்ன வயதில் என்னைவிட நன்றாகப் பேசுவாள்” என்றார். “அப்புறம் வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தபிறகு, நான் பேசினால் தமிழில்தான் பதில் சொல்வாள். மறந்துவிட்டதா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி வைத்துக்கொள் என்பாள். எனக்கே தெரியாது அப்பா.”

போச்சு. தெளிந்த கொஞ்சமும் கலங்கிவிட்டது. அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று சொல்ல இனி உலகத்தில் ஆளே இல்லை. புரிந்துதான் கேட்டார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. புரியாமலே, என் அழுகையை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார் என்று மறுநாள் தோன்றுகிறது. எது பெரியது என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நீங்கள் அவளுக்கு எப்படிப் பழக்கம்?” என்று லீலாபாய் கேட்டார்.

தம்பியிடம் சொல்ல முடியாத பதில் என் பாஷையில் தானாக வந்தது. “என் பெரிய பையனை அவங்களுக்குத் தெரியும்.”

“அப்படியா? பையன் பெயர் என்ன?”

தொண்டை பழையபடி அடைத்தது. இத்தனை வருஷம் சின்னவனே என்று கூப்பிட்டுச் சமாளித்துவிட்டேனே தவிர, அந்தப் பெயரை அவனுக்குரிய பெயராக நான் வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில் மட்டும்தான். “ஜெகந்நாதன்” என்றேன். இயந்திரங்களை மீறிக் கத்துகிற குரலில் வந்துவிட்டது. பருத்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“என்ன வயது?”

“ஏழு மாதம்” என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

லீலாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பருத்த மனிதருக்கு எங்கள் பாஷையில் ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது. ஒரு ஆள் கத்தியதையும் அழுததையும்தான் பார்த்தார். பின்வாசலில் நின்ற எங்களை அங்கே யாரும் துக்கக்காரர்களாக நினைத்து விசாரிக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், அந்த வீட்டுச் சட்டப்படி பக்கவாட்டில் கிணற்றைப் பார்த்துக்கொண்டே, துட்டி கேட்பவராக எனக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவர் நீட்டியது டாக்டரம்மாவுக்காக. நான் தொட்டு வாங்கிக்கொண்டது இரண்டு பேருக்காகவும். என் பெரியவனுக்குக் கேட்கப்பட்ட முதல் துட்டி அது. டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிச்சமாக இருப்பவை அந்த ஈரக் கைகளும், சின்னவன் என்ற சொல்லும்தான்.